265/35 இசட்ஆர்19: திருநெல்வேலி ரோட்டில் ஓடும் எம்2-வுக்கு எந்த டயர்?

மச்சான் போன வருசம் பெங்களூரிலிருந்து பழைய வண்டியாக வாங்கிவந்த பிஎம்டபிள்யூ எம்2 காம்பெடிஷனுக்கு டயர் மாற்றும் நேரம் வந்துவிட்டது. பின்னால் இரண்டிலும் பட்டன் (ரோட்டைத் தொடும் மேல்ரப்பர் கட்டிகள்) தேய்ந்து, அவற்றின் நடுவே ஓடும் காடிக்குள் இருக்கும் 1.6 மில்லிமீட்டர் அடையாள மேடு மேல்ரப்பரோடு சமமாகிவிட்டது. முன்னால் இரண்டிலும் பட்டன் பாக்கி இருக்கிறது, ஆனால் பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள். தேதியைப் பார்த்தால் 2018 கடைசி. வண்டியோடு வந்த டயர்களே அவை.

"நாலையும் மாத்திருவோம் மச்சான். எதுன்னு மட்டும் நீ சொல்லு, நான் வாங்குதேன்" என்றான்.

நாலுக்கும் சேர்த்து ஒரு லட்சத்தைத் தாண்டும் செலவு. வீட்டில் தங்கையும் பிள்ளையும் ஏறுகிற வண்டி. அதனால் இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. படித்தேன், டயர் கடை அண்ணாச்சிமாரிடம் கேட்டேன், இந்தப் பக்கத்து ரோடுகளில் இருபது வருசமாக ஓட்டிப் பார்த்ததை அதோடு சேர்த்து வைத்து யோசித்தேன். சென்னையில் இருப்பவர் இதே வண்டிக்கு வேறு டயர் வாங்கினால் அதில் தப்பில்லை. என் கணக்கு திருநெல்வேலிக் கணக்கு.

முதலில் வண்டி. 3 லிட்டர், ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ. 410 குதிரைத்திறன், 550 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. அத்தனையும் பின்சக்கரம் இரண்டுக்கு மட்டும் போகிறது. அங்கே ஒவ்வொரு டயரும் தரையைத் தொடுகிற இடம் ஒரு உள்ளங்கை விரிப்பு அளவுதான். முன்னால் 245/35, பின்னால் 265/35, இரண்டும் 19 அங்குலம். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். அடுத்தது பக்கச்சுவரின் உயரம், அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்று. 19 என்பது வீலின் அளவு. முன்னும் பின்னும் அளவு வேறு என்பதால் சாதாரணக் காரில் செய்வதுபோல் முன் டயரைப் பின்னுக்கு மாற்றித் தேய்மானத்தைச் சமப்படுத்த வழியில்லை. பின் டயர் எப்போதும் முந்தித் தேயும். முன்ஜோடி ஒன்று முடிவதற்குள் பின்ஜோடி இரண்டு வாங்க வேண்டிவரும் என்று நினைத்துக்கொண்டுதான் காசை ஒதுக்க வேண்டும்.

அடுத்தது ரோடு. மச்சான் வாரம் ஒருமுறை கன்னியாகுமரிப் பக்கம் போவான், மாதம் இரண்டு தடவை தென்காசி. தேசிய நெடுஞ்சாலை 44-இல் நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி வரை நல்ல நாலுவழி. பணகுடி தாண்டியதும் காற்றாலைகள் தொடங்கும். ஆடிக்காற்று பக்கவாட்டில் அறையும்போது ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்கவேண்டியிருக்கும். தென்காசி ரோட்டின் குணம் வேறு. ஆனி, ஆடியில் ஆலங்குளம் வரைக்கும் கொளுத்தும் வெயில், தார் கொதிக்கும். பாவூர்சத்திரம் தாண்டுகிற நேரத்தில் முகத்தில் சாரல் விழும். பதினைந்து கிலோமீட்டருக்குள் டயருக்கு இரண்டு உலகம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வந்தால் எந்த ரோடும் நம்பிக்கைக்குரியது இல்லை. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மழை தின்ற ரோடுகளை நாம் எல்லாரும் பார்த்தோம்.

அதற்குமேல் நம் பக்கத்துக்கே உரிய சங்கதிகள் உண்டு. பிசானம் அறுப்பு முடிந்தால் அம்பாசமுத்திரம், களக்காடு பக்கத்தில் ரோட்டில்தான் நெல் காயும். அதன்மேல் பிரேக் பிடித்தால் கோலிக்குண்டின்மேல் நிற்பது மாதிரி. நடவுக் காலத்தில் தொழி அடித்த டிராக்டர் வயலைவிட்டு ஏறி, வழியெல்லாம் சேறு உதிர்த்துக்கொண்டே போகும். திசையன்விளை, இராதாபுரம் பக்கம் போனால் உடைமுள். வண்டியில் ஸ்டெப்னி கிடையாது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த ரோடுகளை நினைத்துப் பார்த்தால் என்னுடைய முதல் அளவுகோல் ஈரப்பிடிப்பு. காய்ந்த ரோட்டில் இந்தத் தரத்து டயர்கள் எல்லாமே நமக்குத் தேவைக்கு மேலாகவே பிடிக்கும். மழையில்தான் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஈர ரோட்டில் 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி போகிறது, உராய்வுக் கெழு, அதாவது டயர் ரோட்டைப் பிடிக்கும் அளவு, 0.8 கிடைத்தால் முழுப் பிரேக்கில் 49 மீட்டரில் நிற்கும். அதே ஈர ரோட்டில் 0.6 தான் கிடைக்கிறது என்றால் 66 மீட்டர். நல்ல டயர் போட்ட வண்டி நின்றுவிட்ட அதே இடத்தை மற்ற வண்டி கடக்கும்போது அதன் வேகம் இன்னும் 50 கிலோமீட்டர். மூலைக்கரைப்பட்டிப் பக்கம் குறுக்கே வரும் ஆட்டுமந்தையை நினைத்துக்கொண்டு இந்த 50-ஐ யோசியுங்கள்.

அகல டயருக்கு மழையில் இன்னொரு தொல்லை. ரோட்டில் 3 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கிறது, வண்டி 80-இல் போகிறது என்றால் 265 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு டயர் நொடிக்கு 17 லிட்டருக்கு மேல் தண்ணீரை ஒதுக்கித் தள்ள வேண்டும். ஒவ்வொரு நொடியும் ஒரு பெருங்குடம். தள்ள முடியாவிட்டால் டயர் தண்ணீர்மேல் ஏறி மிதக்கும், அப்புறம் ஸ்டியரிங்கும் பிரேக்கும் பேச்சுக்குத்தான். காடியின் ஆழம் குறையக் குறைய இந்த ஆபத்து கூடும். அதனால்தான் 1.6 வரை தேயவிடாமல் 3 மில்லிமீட்டரிலேயே பின் டயரை மாற்று என்று மச்சானிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.

இரண்டாவது அளவுகோல் பக்கச்சுவர். 265-இல் 35 சதவீதம் என்றால் பின்னால் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே சுமார் 93 மில்லிமீட்டர் ரப்பர். முன்னால் 86-தான். இந்த உயரத்தில் ஒரு பள்ளத்தில் விளிம்போடு இறங்கினால் பக்கச்சுவர் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையில் நசுங்கும். உள்ளே நூல் அறுந்து வெளியே முட்டை மாதிரி புடைக்கும். அதற்குப் பிறகு அந்த டயருக்கு வைத்தியமே இல்லை, எந்தப் பஞ்சர் கடைக்காரராலும் ஒன்றும் செய்ய முடியாது. 20 அங்குல வீல் போட்டால் கம்பீரமாக இருக்கும் என்று மச்சானின் கூட்டாளி ஒருவர் சொன்னார். வேண்டவே வேண்டாம் என்றேன். 18-க்கு இறங்கிப் பக்கச்சுவரை உயர்த்தலாமே என்று எனக்கே ஆசை இருந்தது. ஆனால் இந்த வண்டியின் முன்பிரேக் பெரியது, 18 அங்குல வீல்களில் பல அதன்மேல் உரசும். 19-லேயே நின்றோம்.

இனி டயர்கள். கழித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆல்சீசன் டயரை, அதாவது பனிக்குளிருக்கும் சேர்த்துச் செய்த டயரை, ஐந்து நிமிசத்தில் கழித்துவிட்டேன். சம்மர் டயரின் ரப்பர் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால்தான் இறுகிப் பிடிப்பை இழக்கும். மார்கழி அதிகாலையில்கூடப் பாளையங்கோட்டையில் அந்தக் குளிரைப் பார்க்க முடியாது. வராத பனிக்காகப் பிடிப்பை விட்டுக்கொடுக்க ஒரு காரணமும் இல்லை.

ரன்பிளாட் டயர் கொஞ்சம் யோசிக்க வைத்தது. காற்று முழுக்க இறங்கினாலும் 80 கிலோமீட்டர் வேகத்தில் 80 கிலோமீட்டர் தூரம் ஓட்டலாம். ஸ்டெப்னி இல்லாத வண்டி, உடைமுள் நாடு, இராத்திரி உவரியிலிருந்து திரும்பும் வழி என்று பார்த்தால் ரன்பிளாட் ஆசைகாட்டத்தான் செய்யும். ஆனால் அந்தத் தடித்த பக்கச்சுவர் கனம், விறைப்பு. இந்த வண்டியைச் செய்தவர்களே இதற்குச் சாதாரண டயரைத்தான் போட்டு அனுப்பினார்கள், சஸ்பென்சனும் அதற்கென்று அமைத்ததுதான். முள் குத்துவது பெரும்பாலும் பட்டன் நடுவில், சின்ன ஓட்டை. ஒரு சின்ன கம்ப்ரசரும் பஞ்சர் கிட்டும் டிக்கியில் இருந்தால் வீடு வந்து சேரலாம். மறுநாள் டயரைக் கழற்றி உள்பக்கமாகக் காளான் ஒட்டு போட்டுக்கொள்ளலாம்.

மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் கப் 2 தான் மச்சானின் ஆசை. படத்தைக் காட்டிக் காட்டிக் கேட்டான். வெளிப்பக்கத் தோள் கிட்டத்தட்ட மொட்டை, காடியே குறைவு. சூடேறிய டிராக்கில் அது பிடிக்கிற பிடிக்கு ஈடு கிடையாது. ரோட்டிலும் ஓட்டச் சட்டப்படி அனுமதியுள்ள டயர்தான். ஆனால் சாரலில் நனைந்து குளிர்ந்த பாவூர்சத்திரம் ரோட்டில் 410 குதிரையைப் பின்சக்கரத்தில் வைத்துக்கொண்டு அந்த மொட்டைத் தோளை நம்ப என்னால் முடியவில்லை. அமெரிக்கத் தேய்மான எண்ணும் (எண் கூடினால் டயர் மெதுவாகத் தேயும்) 180-தான். "கோயம்புத்தூர் காரி மோட்டார் ஸ்பீட்வேக்கு வருசம் நாலு தடவ போவேன்னா சொல்லு, தனியா ஒரு செட்டு வீல் வாங்கி அதுல கப் 2 போட்டுக்கலாம். மழையில வீட்டாள்களோட போறதுக்கு இது ஆவாது மச்சான்" என்றேன். முகம் வாடினாலும் ஒத்துக்கொண்டான்.

மிச்சம் நிற்பவை நாலு: பிரெல்லி பி ஜீரோ, பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்சா ஸ்போர்ட், கான்டினென்டல் ஸ்போர்ட்கான்டாக்ட் 7, மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் 4எஸ். அப்பல்லோ வாங்கிய விரெடஸ்டைன் நிறுவனத்தின் அல்ட்ராக் வோர்ட்டியும் இங்கே விற்கிறது, பெரிய செடான் வைத்திருப்பவர்கள் பார்க்க வேண்டிய டயர். இந்த வண்டிக்கு என் பார்வை அந்த நாலில்தான் நின்றது.

பி ஜீரோவில் நான் பார்த்தது 2016-இல் வந்த தலைமுறை. பெரிய கார் கம்பெனிகளோடு சேர்ந்து வண்டிக்கு வண்டி தனியாகச் செய்து கொடுப்பது பிரெல்லியின் பழக்கம். ஒரே பெயரில் சொகுசு செடானுக்கு ஒரு பட்டன் அமைப்பும் ஸ்போர்ட்ஸ் காருக்கு இன்னொன்றுமாக வரும். அதனால் கடையில் "பி ஜீரோ இருக்கு" என்று சொன்னால் மட்டும் போதாது, பக்கச்சுவரில் பிஎம்டபிள்யூவின் நட்சத்திரக் குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்டியரிங்கை லேசாக அசைத்தாலே மூக்கு திரும்பும், அந்தச் சுகம் எனக்கும் பிடிக்கும். ஆனால் தேய்மான எண் 220. இந்த எண் வருவது டெக்சாஸில் 7,200 மைல், அதாவது ஏறத்தாழ 11,600 கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்கும் சோதனையிலிருந்து. 100 என்ற அடிப்படை டயரோடு ஒப்பிட்டுக் கம்பெனி தானே போட்டுக்கொள்கிற எண் என்பதால் கம்பெனிக்குக் கம்பெனி அப்படியே நம்பக்கூடாது. இருந்தாலும் சித்திரை வெயிலில் 44-ஆம் சாலையில் ஓடப்போகிற பின்டயருக்கு 220 என்பது எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

பொட்டென்சா ஸ்போர்ட் 2021-இல் வந்தது. லம்போர்கினி ஹுராகான் எஸ்டிஓ-வுக்கு இந்தப் பெயரில்தான் டயர் செய்து கொடுத்தார்கள். விறைப்பான பக்கச்சுவர், ஸ்டியரிங்குக்கு உடனே பதில். பணகுடிக் காற்றில் வண்டி நேர்கோட்டில் நிற்க அந்த விறைப்பு உதவும். அதே விறைப்பு பாளையங்கோட்டைச் சந்துகளின் ஒவ்வொரு வேகத்தடையையும் முதுகில் கொண்டுவந்து சேர்க்கும். வேகமாகத் தேயும் என்று பேர் வாங்கிய டயரும்கூட. தனியாக ஓட்டிச் சந்தோசப்படுகிறவருக்கு நான் இதைத் தயங்காமல் சொல்வேன்.

கடைசி இரண்டுக்கும் நடுவில்தான் நான் வாரக்கணக்கில் அல்லாடினேன். ஸ்போர்ட்கான்டாக்ட் 7-ம் 2021-இல் வந்ததுதான், மழைப்பிடிப்பில் மிகவும் மதிக்கப்படுகிற டயர். ஐரோப்பாவில் 2021 மே மாதத்திலிருந்து டயரோடு ஒட்டிவரும் சீட்டில் ஈரப்பிடிப்புக்கு ஏ முதல் இ வரை தரம் போடுகிறார்கள். நான் முதலில் தேடியது அந்தக் கட்டத்தில் இருந்த ஏ-வைத்தான். என் முதல் அளவுகோல் ஈரப்பிடிப்பு என்றால் இத்தோடு முடிவு செய்திருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம்.

பைலட் ஸ்போர்ட் 4எஸ் அதைவிட மூத்தது, 2017-இல் வந்தது. இந்த வண்டியோடு பிறந்த பைலட் சூப்பர் ஸ்போர்ட்டின் இடத்தைப் பிடித்த டயர் அதுவே. ஒரே டயரில் இரண்டு ரப்பர். வளைவில் பாரம் தாங்கும் வெளிப்பக்கத் தோளுக்குக் காய்ந்த ரோட்டுக்கான கலவை, உள்பக்கத்துக்குச் சிலிக்கா சேர்ந்த மழைக் கலவை. பட்டனுக்குக் கீழே அராமிட் என்ற வலுவான இழையும் நைலானும் கலந்த பட்டை. அதனால் வேகத்திலும் சூட்டிலும் டயர் நடுவில் உப்பாமல் தன் வடிவத்தைக் காக்கிறது. ரிம்மை ஒட்டி வெளியே துருத்திய ஒரு விளிம்பும் உண்டு, நடைபாதைக் கல்லில் உரசினால் அலாய்க்கு முன்னால் ரப்பர் அடி வாங்கும். தேய்மான எண் 300. இந்த வண்டியின் இரண்டு அளவும் வரிசையில் இருக்கின்றன: முன்னால் 93ஒய், பின்னால் 98ஒய். 93 என்றால் ஒரு டயர் 650 கிலோ தாங்கும், 98 என்றால் 750. ஒய் என்பது 300 கிலோமீட்டர் வேகம். நாம் அந்த வேகத்தில் போகப்போவதில்லை. ஆனால் அந்த எழுத்து டயர் தாங்கும் சூட்டுக்கும் அளவு. நம் வெயிலில் அதைக் குறைத்து எச், வி என்று மலிவாகப் போடுவதை நான் ஒருக்காலும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மழையில் முதல் நாளன்று ஸ்போர்ட்கான்டாக்ட் 7 ஒரு படி மேலே இருக்கலாம். மச்சான் ஓட்டப்போவது அந்த ஒருநாள் மட்டும் அல்லவே. வெயிலில் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடியபின் வரும் ஐப்பசி மழையில் காடி எவ்வளவு ஆழம் மிச்சம் இருக்கிறது என்பதே அவனைக் காக்கும். மெதுவாகத் தேயும் டயர் இரண்டாவது மழைக்காலத்திலும் தண்ணீரைத் தள்ளும். இந்த ஒரு காரணத்தால்தான் 4எஸ் பக்கம் சாய்ந்தேன். வருசம் ஐயாயிரம் கிலோமீட்டருக்குள் ஓட்டுகிறவர் என்றால், தேயுமுன் ரப்பர் முதுமையடைந்துவிடும். அவருக்கு ஸ்போர்ட்கான்டாக்ட் 7-தான் சரி.

இதோடு ஒரு நிபந்தனை வைத்தேன்: டயர் புதிதாக இருக்க வேண்டும். இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. முன்பு என் காருக்கு ஒரு கடையில் டயர் மாற்றினேன். பளபளவென்று இருந்தது, ஸ்டிக்கர்கூட உரிக்கவில்லை. அந்த வருசம் ஐப்பசியில் ஆலங்குளம் அருகே லாரி ஒன்று திடீரென்று நின்றபோது பிரேக்கை மிதித்தேன், வண்டி நேராக வழுக்கிக்கொண்டே போய் லாரிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அம்மா பின்சீட்டில் இருந்தாள். வீட்டுக்கு வந்துதான் பக்கச்சுவரைப் படித்தேன். செய்து நாலரை வருசம் ஆன டயரைப் புதுசு என்று விற்றிருந்தார்கள். அன்றையிலிருந்து கோழிமுட்டை வடிவக் கட்டத்துக்குள் இருக்கும் நாலு இலக்கத்தைப் படிக்காமல் நான் காசு கொடுப்பதில்லை. 2324 என்றிருந்தால் 2024-ஆம் வருசத்தின் 23-ஆவது வாரம். ஒரு வருசத்துக்கு மேற்பட்டதென்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இந்த அளவுகளில் அது எளிதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2020 ஜூனிலிருந்து கார் டயர் இறக்குமதிக்கு அரசின் உரிமம் தேவை. நம்ம கங்கைகொண்டான் சிப்காட்டிலேயே டயர் ஆலை இருக்கிறது, 2016-இல் யோகஹாமா அதை வாங்கியது. ஆனால் அங்கே செய்வது டிராக்டருக்கும் கட்டுமான எந்திரத்துக்குமான டயர். அதை நினைக்கும்போதெல்லாம் ஒரு நாள் நம் ஊரிலிருந்தே 19 அங்குலமும் வரட்டும் என்று தோன்றும். இப்போதைக்கு முன்கூட்டியே ஆர்டர் கொடுத்துக் காத்திருக்கத்தான் வேண்டும். பழைய ஸ்டாக் கைவசம் இருக்கிறது என்று கடைக்காரர் அவசரப்படுத்தினால் மயங்கக்கூடாது. பக்கச்சுவரில் ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள்.

"அண்ணாச்சி, முன்னால ரெண்டு வேற கம்பெனி போட்டா என்ன?" என்று மச்சான் கடையில் கேட்டான். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான்தான் பதில் சொன்னேன்: முன்னும் பின்னும் ஒரே மாடல் இருந்தால்தான் மழையில் வண்டி எந்தப் பக்கம் முதலில் நழுவும் என்று ஓட்டுகிறவனுக்குத் தெரியும். பின்னால் இடமும் வலமும் ஒரே தேய்மானத்தில் இருந்தால்தான் இரண்டு சக்கரத்துக்கும் விசையைப் பங்கிடும் டிஃபரன்சியலும் ஒழுங்காக வேலை செய்யும். பின்னால் பழையது, முன்னால் புதுசு என்று போட்டுக்கொண்டு மழைக்குள் போகவே கூடாது.

மாட்டும் இடத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம். கை லீவரால் நெம்பிக் கழற்றும் கடையில் இந்த டயரைக் கொடுத்தால் விளிம்பு கிழிந்துவிடும், அலாயும் கீறும். துணைக்கை உள்ள மெஷின் வேண்டும். வெளிப்பக்கம் என்று எழுதியிருக்கும் பக்கம் வெளியே பார்த்திருக்க வேண்டும், இடம் மாறினால் மழைக் கலவை வெளித்தோளுக்குப் போய்விடும். பேலன்சிங், அலைன்மென்ட் முடித்து, போல்ட்டை டார்க் ரெஞ்சால் 140 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கச் சொன்னேன். காற்று, கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்கு, காலையில் வண்டி ஓடாதபோது பிடிக்க வேண்டும். டயருக்குள் சூடு 40 டிகிரி ஏறினால் அழுத்தம் சுமார் ஆறு பிஎஸ்ஐ கூடும். மத்தியானம் வள்ளியூரில் நிறுத்தி, கூடியிருக்கிறதே என்று அதை இறக்கிவிடுகிறவர்கள் உண்டு. மறுநாள் காலை டயர் காற்றுக் குறைந்து நிற்கும், மழையில் முதலில் மிதப்பதும் அந்த டயர்தான்.

டயர் வந்து இறங்கியிருக்கிறது, நாலிலும் தேதி மூன்று மாதத்துக்குள். அச்சிலிருந்து எடுக்கப் பூசும் எண்ணெய்ப் பிசுக்கு மேல்ரப்பரில் இருக்கும், அது போகும் வரை முதல் 300 கிலோமீட்டருக்கு ஆக்சிலேட்டரை அமுக்கக்கூடாது என்று மச்சானிடம் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை விடியலில் கன்னியாகுமரி போய் வருகிறோம், போக வர 170 கிலோமீட்டர். மிச்சத்துக்குத் தூத்துக்குடி ரோடு இருக்கிறது.